ஆலைக்குள் ஓர் அடுப்பு

தாழ்நிலத்தின் கதை – 17

நெதர்லாந்தின் பீம்ஸ்டர் ஏரி வற்றிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1607இல் தொடங்கிய வேலை. 1610இல் கரை உடைந்து, இறைத்த தண்ணீரெல்லாம் திரும்ப உள்ளே வந்தது. 1612இல் 43 காற்றாலைகள் அந்த ஏரியை வயலாக்கி முடித்தன. முதல் போட்ட வணிகர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அவர்களில் ஒருவரான டிர்க் வான் ஓஸ், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். ஆலைகளின் சூத்திரதாரியான லேக்வாட்டரின் பெயரும் ஏட்டில் நிலைத்துவிட்டது. அந்த 43 ஆலைகளையும் இரவு பகலாக ஓட்டியவர்கள் யார், எங்கே உண்டார்கள், எங்கே உறங்கினார்கள் என்பதை மட்டும் எந்தக் கணக்குப் புத்தகமும் பெரிதாகச் சொல்வதில்லை. இந்த வாரம் அவர்கள் முறை.

நெதர்லாந்தில் பழைய காற்றாலை ஒன்றை வாங்கி வீடாக மாற்றிக் குடியிருப்பது இன்று பலருக்கும் ஒரு கனவு. உள் அலங்காரப் பத்திரிகைகளில் வட்டமான வரவேற்பறை, வளைந்த படிக்கட்டு என்று படம் படமாக வரும். அவற்றைப் பார்க்கிறவர்களுக்கு, தொழிற்கூடமாக இருந்த ஒன்றை இக்காலத்தவர் வீடாக்கிக் கொண்டார்கள் என்றுதான் தோன்றும். மாவரைக்கும் ஆலைகளில் பலவற்றுக்கு அது பொருந்தும். தண்ணீர் இறைக்கும் ஆலைகளின் கதை வேறு. அவை கட்டப்பட்ட நாளிலிருந்தே வீடுகள். அடுப்பும் தொட்டிலும் பற்சக்கரமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன.

காரணம் எளிது. தானியம் காத்திருக்கும், காற்று இல்லாத நாளில் மூட்டையை ஓரமாக வைத்துவிட்டு நாளைக்கு அரைத்துக்கொள்ளலாம். தண்ணீர் காத்திருக்காது. மழை நள்ளிரவில் பெய்யும், காற்று விடியற்காலையில் எழும். போல்டர் என்கிற, கரைகட்டி வற்ற வைத்த, கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்தில், நல்ல காற்று வீசும் ஒவ்வொரு மணி நேரமும் இறைத்தாக வேண்டும். ஆலைகளோ ஊரை விட்டுத் தள்ளி, சேறும் நாணலும் சூழ்ந்த கரைமேல் நிற்பவை. ஆள் அங்கேயே குடியிருந்தால்தான் காரியம் நடக்கும். ஆகவே கரைகளையும் கால்வாய்களையும் நிர்வகித்த நீர் வாரியங்கள், ஆலைக்காரரையும் அவர் குடும்பத்தையும் ஆலைக்குள்ளேயே குடியமர்த்தின. கொடுத்த கூலி சொற்பம். அதை ஈடுகட்ட, கால்வாயில் மீன் பிடிக்கும் உரிமையும், கரையோரமாகக் காய்கறி போடக் கொஞ்சம் மண்ணும் கிடைத்தன. விலாங்கு மீன் அந்தக் குடும்பங்களின் உணவாகவும் இருந்தது, கைக்காசாகவும் இருந்தது.

இந்த வீட்டின் முதல் வடிவம் 15ஆம் நூற்றாண்டில் பிறந்தது. அதற்கு முன்பிருந்த மாவாலை, ஒற்றைத் தூண்மேல் உட்கார்ந்த மரப்பெட்டி. காற்று திரும்பும்போது அந்தப் பெட்டி முழுவதையும் திருப்ப வேண்டும். தண்ணீரை இறைக்க அந்த அமைப்பு உதவாது, ஏனென்றால் தண்ணீர்ச் சக்கரம் தரையில் ஒரே இடத்தில் நிற்க வேண்டியது. தச்சர்கள் கண்ட வழி அழகானது. தூணின் நடுவைக் குடைந்து குழாய் போலாக்கி, அதனுள்ளே ஒரு சுழல்தண்டை இறக்கினார்கள். மேலே சிறிய பெட்டி இறக்கைகளோடு காற்றுப் பக்கம் திரும்பிக்கொள்ளும். கீழே கூம்பு வடிவ அடிக்கூடு அசையாமல் நிற்கும். அசையாத பகுதி ஒன்று கிடைத்ததும் அதற்குள் மனிதர் குடியேறினார்கள். இருப்பதிலேயே குறுகலான ஆலை வீடு இதுதான். நடுவில் தூண், ஒருபுறம் அடுப்பு, சுவரோரம் அலமாரி போலக் கதவடைத்த படுக்கைகள்.

பிறகு வந்தது எண்கோண ஆலை. இதில் உடம்பு முழுவதும் நிலையாக நிற்கும். உச்சியிலுள்ள தொப்பி மட்டும் திரும்பும். எட்டுக் கனத்த மூலை மரங்கள் உள்நோக்கிச் சாய்ந்து மேலே கூடும். வெளிப்புறம் நாணல் வேய்ந்திருக்கும். நாணல் எடை குறைந்தது. அந்த ஈரக் கரிமண் தரையில் எடைதான் பெரிய எதிரி. குளிரையும் தடுக்கும். கட்டுமானப் பொருளைத் தேடிப் போக வேண்டியதே இல்லை, ஆலையைச் சுற்றி விளைந்து கிடக்கும். தொப்பியைத் திருப்பும் விதத்தில் வடக்கும் தெற்கும் பிரிந்தன. வட ஹாலந்தில் ஆலைக்காரர் மேலே ஏறி, தொப்பிக்கு உள்ளே நின்று திருப்புவார். தென் ஹாலந்தில் தொப்பியிலிருந்து பின்பக்கமாகத் தரைவரை நீண்ட மரக்கால்கள் இறங்கும். ஆலையைச் சுற்றிலும் நட்ட முளைகளில் சங்கிலியை மாட்டி, கீழே இருக்கும் சக்கரத்தைக் கையாலும் காலாலும் மிதித்துச் சுற்றினால் பல டன் எடையுள்ள தொப்பி மெல்ல நகரும். ஒரு மனிதர் தனியாகச் செய்யக்கூடிய வேலை அது. தனியாகச் செய்ய முடிந்ததால்தான் ஒரு குடும்பத்திடம் ஓர் ஆலையை ஒப்படைக்க முடிந்தது.

இந்தக் கலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ராட்டர்டாமுக்குக் கிழக்கே உள்ள கிண்டர்டைக்குக்குப் போக வேண்டும். அல்பிளாசர்வார்ட் என்ற தாழ்ந்த பரப்பின் தண்ணீர் முழுவதும் வந்து சேரும் மூலை அது. 1738இல் அங்கே ஒரே வரிசையில் எட்டுச் செங்கல் ஆலைகள் எழுந்தன. 1740இல் அவற்றுக்கு எதிர் வரிசையில் நாணல் வேய்ந்த எட்டு எண்கோண ஆலைகள். இரண்டு தனித்தனி நீர் வாரியங்கள், இரண்டு தனித்தனிக் கால்வாய்கள், கட்டுமானத்திலும் இரண்டு விதம். அக்கம்பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்த்து இன்று 19 ஆலைகள் அங்கே நிற்கின்றன. 1997இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

அந்தச் செங்கல் ஆலை ஒன்றுக்குள் நுழைந்து பார்ப்போம். முதலில் கவனத்துக்கு வருவது இரண்டு கதவுகள், எதிரெதிராக. இந்த ஆலைகளின் இறக்கைகள் ஏறத்தாழத் தரையைத் தொட்டுக்கொண்டு சுற்றுபவை. முனைக்கு முனை 28 மீட்டருக்கு மேல் நீளம்; நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்துக்கொண்டாலே முனையின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரை நெருங்கும். காற்று மாறி, தொப்பி திரும்பி, இறக்கைகள் ஒரு கதவுக்கு நேரே வந்துவிட்டால், அந்தக் கதவைப் பூட்டிவிட்டு மறு கதவைப் பயன்படுத்த வேண்டும். இந்த விதியை மறந்தவர்கள் உயிரோடு திரும்பவில்லை. ஆடும் மாடும் அடிபட்டுச் செத்தன, மனிதர்களும் அடிபட்டார்கள். நடை பழகும் குழந்தை உள்ள வீட்டில் தாய்மார் எப்படிக் காலந்தள்ளினார்கள் என்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பத்துக் குழந்தைகளுக்கு மேல் வளர்த்த ஆலைக் குடும்பங்கள் உண்டு.

உள்ளே சுவர் வட்டமானது, மேலே போகப்போகக் குறுகுவது. நேர்கோட்டுச் சாமான் எதுவும் சுவரோடு ஒட்டி நிற்காது. ஆகவே படுக்கை, அலமாரி, பாத்திரத் தட்டு எல்லாவற்றையும் தச்சரே சுவரோடு சேர்த்துச் செய்துவிட்டார். படுக்கை என்பது கதவுள்ள ஒரு மாடம். இரவில் உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால் உடற்சூடு வெளியேறாது. குட்டையாக இருக்கும், காலை முழுக்க நீட்ட முடியாது. கைக்குழந்தைகளுக்கு அதற்குள்ளேயே ஒரு தட்டு. மாடிக்குப் படிக்கட்டு என்று சொல்வதைவிட ஏணி என்றே சொல்லலாம்.

அறையை ஒட்டி, ஒரு பலகைத் தடுப்புக்கு அப்பால், ஆலையின் எலும்புக்கூடு. உச்சியில் சற்றே சாய்ந்து படுத்திருக்கும் இறக்கைத் தண்டு. அதில் பெரிய பற்சக்கரம். அந்தச் சக்கரம் செங்குத்தான நடுத்தண்டைச் சுழற்றும். நடுத்தண்டு எல்லாத் தளங்களையும் ஊடுருவிக் கீழே இறங்கி, இன்னொரு சோடிப் பற்சக்கரங்கள் வழியாகத் தண்ணீர்ச் சக்கரத்தைத் திருப்பும். தண்ணீர்ச் சக்கரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 6 மீட்டர். அதன் பலகைத் துடுப்புகள் கீழ்க்கால்வாய்த் தண்ணீரை வாரி மேல்கால்வாயில் தள்ளும். ஒரு சக்கரம் ஒன்றரை மீட்டர் அளவுக்கு உயர்த்தும், அதற்கு மேல் முடியாது. ஆழம் கூடுதலான இடங்களில் இரண்டு, மூன்று, நான்கு ஆலைகளை அடுத்தடுத்து நிறுத்தி, ஒன்று ஏற்றிய தண்ணீரை அடுத்தது வாங்கி மேலேற்றும்படி செய்தார்கள்.

இவ்வளவும் உருளும்போது வீடு அதிரும். மரம் முனகும், தட்டுகள் கிலுகிலுக்கும், தண்ணீர் அறையும் ஓசை ஓயாது. அதற்குள் குடும்பம் தூங்கியது. ஓசை சீராக இருக்கும் வரை தூக்கம். ஓசை மாறினால் விழிப்பு. காற்று வலுத்துவிட்டது என்று அர்த்தம், எழுந்துபோய் இறக்கைச் சட்டங்களில் விரித்த துணிப்பாய்களைச் சுருட்ட வேண்டும். பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தால், பெரிய பற்சக்கரத்தை இறுக்கும் மரக்கட்டைகள் உராய்ந்து சூடேறித் தீப்பொறி பறக்கும். சுற்றிலும் காய்ந்த நாணலும் பழைய மரமும். ஆலைக்காரர்கள் இடிமின்னலுக்கு அஞ்சிய அளவுக்கு இதற்கும் அஞ்சினார்கள்.

இறைத்துக்கொண்டே இருக்கவும் விடமாட்டார்கள். மேல்கால்வாய் தன் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால், கரை உடையும் ஆபத்து. எல்லா ஆலைகளும் நின்றாக வேண்டும். பகலில் கொடி, இரவில் விளக்கு என்று ஓர் ஆலையிலிருந்து அறிவிப்பு வரும். வெளியே ஆறு தாழ்ந்து மதகு திறந்த பிறகு மறுபடி தொடக்கம். ஆலை ஓய்ந்து நிற்கும்போதும் இறக்கைகள் பேசும். முன்னால் நின்று பார்த்தால் டச்சு ஆலை இடஞ்சுழியாகச் சுற்றும். மேல் இறக்கை உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பாக நிறுத்தினால் அந்த வீட்டில் மகிழ்ச்சி, திருமணமோ பிறப்போ. உச்சியைத் தாண்டிச் சற்றுச் சரிந்து நின்றால் துக்கம். அந்த வழக்கம் இன்னும் சாகவில்லை. மலேசிய விமானம் எம்எச்17 உக்ரைன் வானில் வீழ்த்தப்பட்டு ஏராளமான டச்சுக்காரர்கள் இறந்தபோது, 2014 ஜூலையில், நாடெங்கும் ஆலைகள் துக்க நிலையில் நிறுத்தப்பட்டன.

மாவாலைகளைப் பற்றியும் ஒரு சொல். ஊருக்குள் வீடுகள் காற்றை மறைக்கும்; ஆகவே மாவாலைகள் நகர மதில்மேல் ஏறி, உயரமாக வளர்ந்தன. ஓவியர் ரெம்ப்ராண்டின் தந்தை லெய்டன் நகர மதிலோரம் மால்ட் அரைக்கும் ஆலை வைத்திருந்தவர். இத்தகைய ஆலைகளில் உரிமையாளர் பெரும்பாலும் பக்கத்து வீட்டில் இருப்பார். லெய்டனில் 1743இல் கட்டிய ‘டி வால்க்’ இதற்கு ஒரு விலக்கு. 29 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம், ஏழு தளங்கள். கீழ்த்தளம் ஆலைக்காரரின் வீடு, மேலே மூட்டைகளும் அரைகற்களும். இறக்கைகளைப் பராமரிக்க, கோபுரத்தின் இடுப்பைச் சுற்றி ஒரு மரத்தாழ்வாரம். அங்கே கடைசியாக வாழ்ந்த ஆலைக்காரர் வில்லெம் வான் ரெய்ன் 1964இல் இறந்தார். 1966இல் அது அருங்காட்சியகமானது. 1900ஐ ஒட்டிய காலத்து வீட்டு அறைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

மர அறுப்பு ஆலைகள் தனி அத்தியாயம் கேட்பவை. 1590களில் கோர்னெலிஸ் கோர்னெலிசோன் கண்டுபிடித்த அந்த இயந்திரம் கப்பல் கட்டும் தொழிலுக்கு அசுர வேகம் கொடுத்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் நங்கூரம் போட்ட டச்சுக் கப்பல்களுக்குப் பின்னால் அந்தக் காற்று இருக்கிறது.

இனி வீழ்ச்சி. 1850 வாக்கில் நாட்டில் ஏறத்தாழ 10,000 காற்றாலைகள் இருந்தன. கிண்டர்டைக்கில் 1868இல் நீராவி இறைப்பு நிலையம் வந்தது. ஸ்கெர்மர் போல்டரை 1635இல் வற்ற வைத்தவை 52 ஆலைகள். 1920களின் இறுதியில் மின்சாரப் பம்புகள் வந்ததும் அவற்றின் வேலை போயிற்று. அந்த 52இல் இன்று எஞ்சியவை 11. எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை. முந்நூறு வருடம் நிலத்தைக் காத்த கூட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு, விறகாகவும் பழைய இரும்பாகவும் போனது.

எவை பிழைத்தன என்று தேடிப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் யாரோ குடியிருந்தார்கள். இயந்திரத்துக்கு மதிப்புப் போன பிறகும் அடுப்புக்கும் கூரைக்கும் மதிப்பு இருந்தது. வேலையிழந்த ஆலைக்காரரைப் பல வாரியங்கள் அங்கேயே இருக்கவிட்டன. கூரை ஒழுகினால் குடியிருப்பவர் அடைப்பார், சன்னல் உடைந்தால் மாட்டுவார். ஆளில்லாத ஆலையோ சில மழைக்காலங்களிலேயே அழுகும்.

ஆனால் குடியிருப்பே ஆலையைக் கொன்ற கதைகளும் உண்டு. இறக்கைகளைக் கழற்றி விற்றார்கள். நடுத்தண்டை அறுத்துவிட்டு அந்த இடத்தில் படிக்கட்டு வைத்தார்கள். வெளிச்சத்துக்காகச் சுவரில் பெரிய சன்னல்களை வெட்டினார்கள். தொப்பியில்லாமல், கையில்லாமல் நிற்கும் அத்தகைய மொட்டைக் கோபுர வீடுகளை நெதர்லாந்தின் கிராமப்புறத்தில் இன்றும் நிறையக் காணலாம். வாழ வசதியானவைதான். எனினும் வீடாக மாறியதும் ஆலையாக இருப்பதை நிறுத்திக்கொண்டவை அவை; மறுபடி ஓட்ட வேண்டுமானால் ஏறக்குறைய புதிதாகக் கட்ட வேண்டும். இதை மாற்றம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இழப்பு என்றே சொல்வேன்.

இந்த இழப்பைத் தடுக்க 1923இல் டி ஹாலண்ட்ஸே மோலன் என்ற சங்கம் தோன்றியது. முதலில் அவர்கள் ஆலைகளை வேலை செய்ய வைத்தே காப்பாற்றப் பார்த்தார்கள். 1927இல் ஆலைத் தச்சர் டெக்கர், இறக்கையின் முன் விளிம்பை விமான இறக்கை போல வளைத்துத் தகடு போர்த்தினார். மெல்லிய காற்றிலும் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்துப் போர் வந்தது. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டுப்பாடு வந்து பம்புகள் நின்றபோது, கிண்டர்டைக் ஆலைகள் மறுபடி முழுமூச்சாக இறைத்தன. அவை சும்மா நிற்கும் காட்சிப் பொருள்களல்ல என்பதை நாடு அப்போது கண்ணால் பார்த்தது. 1961இல் வந்த நினைவுச்சின்னச் சட்டம், பட்டியலிட்ட ஆலைகளை இஷ்டம்போல் வெட்டிச் சிதைக்க முடியாமல் செய்தது.

அதற்குள் தொழில்முறை ஆலைக்காரர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். கட்டடம் இருக்கிறது, ஓட்டத் தெரிந்த கை இல்லை. 1972இல் தன்னார்வ ஆலைக்காரர்களின் சங்கம் அமைந்தது. ஆசிரியர், பொறியாளர், அலுவலக ஊழியர் என்று யாரும் சேரலாம். குறைந்தது 150 மணி நேரம் ஆலையில் நின்று பழகி, வானத்தையும் மேகத்தையும் படிக்கக் கற்று, தேர்வு எழுதினால் சான்றிதழ். இந்த ஆலைக்காரர் கலையை 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாழும் பாரம்பரியங்களில் சேர்த்தது. கட்டடத்துக்குக் கிடைத்த மரியாதை கைத்திறனுக்கும் கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

நாட்டில் இன்று 1,200 அளவுக்குப் பழைய ஆலைகள் இருக்கின்றன. அறக்கட்டளைகளின் கையிலுள்ள பல ஆலைகளில் குடியேற வேண்டுமானால் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. ஓட்டவும் தெரிந்திருக்க வேண்டும், ஓட்டவும் வேண்டும். இறக்கைத் தண்டின் சுற்றுகளை எண்ண ஒரு கருவி பொருத்தி, சுற்றுக்குத் தகுந்த மானியம் தரும் ஏற்பாடுகள்கூட உண்டு. ஓடாத ஆலையில் பூச்சி அரிக்கும், தண்டு ஒருபக்கமாகத் தொய்யும்; ஓட்டமே அதற்கு மருந்து.

இந்த நிபந்தனையோடு வீடமைக்கிறவர்களின் திறமை பத்திரிகைப் படங்களில் தெரிவதில்லை. இயங்கும் ஆலையின் மரச்சட்டம் ஓடும்போது நெளியும். அதன்மேல் நேரடியாகச் சுவர் பூசினால் விரிசல் விடும். ஆகவே நல்ல தச்சர்கள் உள்ளே தனிச் சட்டமொன்றை, ஆலையின் மூலை மரங்களைத் தொடாமல் நிறுத்தி, அதில் சமையலறையையும் குளியலறையையும் அமைக்கிறார்கள். நாணலுக்குக் காற்றோட்டம் வேண்டும். வெதுவெதுப்புக்காக உள்ளே அடைத்துப் போர்த்தினால் அழுகிவிடும். செங்கல் கோபுரமோ மழைக்காற்றடிக்கும் பக்கம் ஈரத்தை உறிஞ்சும். சுவரில் புதிய சன்னல் வெட்ட அனுமதி கிடைப்பது அரிது; இருக்கும் சிறு சன்னல்களின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி அறைகளை அடுக்க வேண்டும். மின்கம்பியும் நெருப்பும் ஓயாத கவலை. கிண்டர்டைக்கின் மிகப் பழைய மரபைச் சேர்ந்த, குடைந்த தூண் கொண்ட பிளாக்வேர் ஆலை, உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அதே 1997இல் எரிந்து போயிற்று. பிறகு அதை மறுபடி கட்டினார்கள்.

வீட்டைச் சுற்றி நிழலுக்கு மரம் வைக்கவும் முடியாது, அது காற்றை மறைக்கும். அந்தக் காலத்தில் காற்றே பிரபுவின் சொத்து, ஆலை வைப்பவர் அதற்கு வரி கட்டினார். பிரெஞ்சுப் புரட்சியின் அலை அடித்த பிறகுதான் அந்த உரிமை ஒழிந்தது. இன்று காற்று ஆலைக்கே சொந்தம் என்கிற அளவுக்கு உள்ளூர் விதிகள் இருக்கின்றன. தரையை ஒட்டி இறக்கை சுற்றும் ஆலையிலிருந்து 100 மீட்டர் தொலைவுக்குள், இறக்கையின் கீழ்முனைக்கு மேல் எதுவும் எழக்கூடாது என்பது பொதுவான அளவுகோல். அதற்கப்பாலும் தூரத்துக்குத் தகுந்த உயரமே அனுமதி. நகரங்கள் நெருக்கும் இடங்களில் வீட்டுமனை நிறுவனங்களுக்கும் ஆலைக் காவலர்களுக்கும் இதைப் பற்றித்தான் ஓயாத வழக்கு.

ஆர்லாண்டர்வேன் என்ற ஊரில் நான்கு ஆலைகள் அடுக்காக நிற்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த இந்தத் தொடர், கடல் மட்டத்துக்குச் சுமார் 5 மீட்டர் கீழே கிடக்கும் போல்டரின் தண்ணீரை இன்றும் காற்றாலேயே இறைக்கிறது. நான்கு ஆலைக்காரர்களும் ஒத்து இயங்கினால்தான் வேலை நடக்கும். கீழே உள்ளவர் இறைத்ததை அடுத்தவர் உடனே வாங்கி ஏற்றாவிட்டால் இடைக்கால்வாய் வழிந்துவிடும். காற்று எழுந்தால் நள்ளிரவானாலும் நால்வரும் எழுந்திருக்கிறார்கள். 1740இல் கிண்டர்டைக்கில் எழுந்த அதே காரணத்துக்காக.

காற்றால் முடியாத ஒரு வேலையும் இருந்தது. ஹார்லெம் ஏரியை 160 காற்றாலைகளால் வற்ற வைக்கலாம் என்று லேக்வாட்டர் 1641இல் ஒரு புத்தகமே எழுதினார். இருநூறு வருடம் கழித்து அந்த ஏரியை வற்ற வைத்தவை மூன்று நீராவி இயந்திரங்கள். அவற்றில் ஒன்றுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.